வழுச் செய்தியும் அதன் வாசகரும்: கோப்பு முறைமைச் சிதைவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

கணனியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் கொள்ளளவையும் அதனை ஆக்கியோரின் சாதனைகளையுமே பொருளாகக் கொண்டுள்ளனர். பொறி பிழைபட்டபோது அது மனிதருக்கு என்ன கூறிற்று என்பது அத்துணை கவனத்தைப் பெறவில்லை. ஆயினும், பொறிக்கும் அதனைப் பயன்படுத்துவோருக்கும் இடையேயுள்ள உறவு தெளிவாகப் புலப்படுமிடம் அதுவேயாகும். யாவும் செவ்வனே நடைபெறும்வரை பயனாளர் பணிசெயல் முறைமையின் இருப்பையே உணர்வதில்லை. கோப்பொன்று திறக்க மறுக்கும்போதே அவர் அதனுடன் முதன்முறையாக உரையாட நேர்கின்றது. அவ்வுரையாடலின் முதற் சொல் வழுச் செய்தியாகும்.

இக்கட்டுரையில் நாம் வழுச் செய்திகளுள் ஒரு வகையினை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றோம். கோப்பு முறைமை சிதைவுற்றதெனக் காணும் பணிசெயல் முறைமை அதனை எவ்வாறு அறிவித்து வந்துள்ளது என்பதே எமது வினா. இவ்வகையைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. ஏனைய வழுக்களின்போது பயனாளர் தமது வேலையை மீளத் தொடங்கலாம். கோப்பு முறைமை சிதைவுறும்போதோ, இழக்கப்படுவது அவர் ஏலவே செய்து முடித்த வேலையாகும். மேலும், செய்தியை வாசித்தவர் அடுத்துச் செய்யும் செயல் இழப்பைத் தடுக்கவும் கூடும், அதனை நிரந்தரமாக்கவும் கூடும். எனவே இங்கு சொல்லின் தெளிவு நடையழகு பற்றிய விடயமன்று. அது பொருளைக் காப்பது பற்றிய விடயமாகும்.

கோப்பு முறைமை என்பது வட்டின்மீது எழுதப்பட்ட ஒரு கணக்கேடு எனலாம். எத்தொகுதி எக்கோப்புக்கு உரியது, எத்தொகுதிகள் வெறுமையாயுள்ளன, எப்பெயர் எக்கோப்பைச் சுட்டுகின்றது ஆகியன அதிற் பதியப்பட்டிருக்கும். ஒரு கோப்பை நீட்டுவதற்கே இப்பதிவுகளுள் பல மாற்றப்படல் வேண்டும். அவை யாவற்றையும் ஒரே கணத்தில் மாற்றவியலாது. இடையில் மின்சாரம் தடைப்படின் ஒரு பதிவு மாறியும் மற்றொன்று மாறாதும் நின்றுவிடும். வட்டின் பழுதும், செய்நிரலின் குறைபாடும், நினைவகத்தின் தவறும் இதே விளைவைத் தரக்கூடியன. கணக்கேட்டின் இரு பக்கங்கள் ஒன்றோடொன்று முரண்படும் இந்நிலையே சிதைவு எனப்படுகின்றது.

2. மல்ரிக்ஸ்: செய்தியோடு விளக்கமும்

1965ஆம் ஆண்டளவில் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம், பெல் ஆய்வுகூடம், ஜெனரல் இலெக்ற்றிக் நிறுவனம் ஆகியன இணைந்து மல்ரிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கத் தொடங்கின. பெல் ஆய்வுகூடம் 1969இல் விலகிக்கொண்டது. ஜெனரல் இலெக்ற்றிக்கின் கணனித் தொழில் 1970இல் ஹனிவெல் நிறுவனத்தின் வசமாயிற்று. மல்ரிக்ஸ் ஒரு பொதுப் பயன்பாட்டுச் சேவையாகக் கருதப்பட்டது. மின்சாரமும் தொலைபேசியும் போன்று அது இடையறாது கிடைத்தல் வேண்டும் என்பது அதனை ஆக்கியோரின் இலட்சியமாகும். ஆதலின் சிதைவைக் கண்டறிந்து செப்பனிடும் செய்நிரல்கள் அம்முறைமையின் உறுப்பாகவே அமைந்தன. முறைமை நிலைகுலைந்த பின்னர் கோப்பு அடைவுகளை ஆராய்ந்து முரண்பாடுகளைத் தீர்க்கும் செய்நிரல், கடலில் மூழ்கிய கலத்தின் பொருள்களை மீட்போரைக் குறிக்கும் சொல்லாற் பெயர் பெற்றது.

மல்ரிக்ஸின் மூலநிரலை நோக்குவோர் ஒரு வழக்கத்தை அவதானிக்கலாம். அதன் உட்பகுதிச் செய்நிரல்களில், இயக்குநர் முனையத்துக்கு அனுப்பப்படும் செய்திகளுக்கெனக் குறித்ததொரு வடிவில் விளக்கக் குறிப்பு எழுதப்பட்டிருக்கும். செய்தியின் வாசகம் முதலிற் கூறப்படும். அடுத்து அதன் கடுமை கூறப்படும். அஃதாவது அது வெறும் தகவலா, பதிவேட்டுக்கு மாத்திரம் உரியதா, ஒலியெழுப்பி இயக்குநரை அழைக்க வேண்டியதா, ஒரு பயனாளரின் பணியை முடிவுறுத்துவதா, முழு முறைமையையுமே நிறுத்துவதா என்பது. மூன்றாவதாக அச்செய்தி தோன்றக்கூடிய வேளையும், நான்காவதாக அதன் பொருளும், ஐந்தாவதாக இயக்குநர் செய்ய வேண்டியதும் குறிக்கப்படும். செய்ய வேண்டியது எதுவுமில்லையெனில் அதுவும் வெளிப்படையாகவே கூறப்படும்.

இதன் முக்கியத்துவம் மனங்கொள்ளத்தக்கது. செய்தியை எழுதும் செய்நிரலாளர், அதனை வாசிக்கப்போகும் மனிதர் தம்மினும் வேறானவர் என்பதை ஒவ்வொரு முறையும் நினைவுகூர நிர்ப்பந்திக்கப்பட்டார். நள்ளிரவிற் பணியாற்றும் இயக்குநருக்கு மூலநிரல் தெரியாது. அவர் அறிய விரும்புவது மூன்றே: என்ன நடந்தது, எவ்வளவு பாரதூரமானது, நான் என்ன செய்யவேண்டும். இம்மூன்றுக்கும் விடை சொல்லாது செய்தியொன்றை முறைமையிற் சேர்ப்பது அவ்வழக்கத்துக்கு மாறானதாகும்.

எனினும் விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பேர்னாட் கிறீன்பேர்க் என்னும் மல்ரிக்ஸ் செய்நிரலாளர் ஒரு செய்தியை இலத்தீன் மொழியில் எழுதியிருந்தார். “இன்று வேருக்கு ஓர் உடன்பிறந்தான் பிறந்தான்” என்பது அதன் பொருள். கோப்பு அடைவுகள் யாவும் ஒரே வேரிலிருந்து கிளைப்பன. அவ்வேருக்கு இணையாக இன்னொன்று இருத்தலியலாது. இயலாதது நிகழ்ந்துவிட்டால் அதனைக் கூற வழக்கிறந்த மொழியே தகுமென அவர் கருதினார் போலும். இதனை நாம் நகைச்சுவையாக மாத்திரம் கொள்ளலாகாது. நிகழவே நிகழாது எனக் கருதப்படும் நிலைமைக்குரிய செய்தி எக்காலத்திலும் கவனக்குறைவாகவே எழுதப்படுகின்றது. ஆனால் சிதைவு என்பதே நிகழாதெனக் கருதப்பட்டது நிகழ்வதுதான். ஆகவே வாசிக்கப்படாது என்னும் நம்பிக்கையோடு எழுதப்பட்ட செய்தியே, வாசகருக்கு உதவி மிகவும் தேவைப்படும் வேளையில் அவர் கண்ணிற் படுகின்றது.

3. யுனிக்ஸ்: தாழ்வாரத்தில் உரத்துக் கூறல்

மல்ரிக்ஸிலிருந்து விலகிய பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1969இல் யுனிக்ஸை ஆக்கத் தொடங்கினர். மல்ரிக்ஸ் பணியாளரான ரொம் வான் விளெக் பதிவுசெய்த உரையாடலொன்று இரு மரபுகளுக்கும் இடையேயான வேறுபாட்டை நன்கு காட்டுகின்றது. தாம் எழுதும் நிரலிற் பாதியளவு வழுக்களிலிருந்து மீளுதற்கே செலவாகின்றது என அவர் கூற, றிச்சி தாங்கள் அவற்றையெல்லாம் விட்டுவிட்டதாகவும், வழு நேர்ந்தால் முறைமை நின்றுவிடும் என்றும், அப்போது தாழ்வாரத்திற் குரல்கொடுத்து மீளத் தொடக்கும்படி சொன்னாற் போதும் என்றும் விடையிறுத்தாராம்.

இவ்விடையைப் பொறுப்பின்மை எனத் தள்ளுவது வரலாற்று நோக்காகாது. அக்காலத்து யுனிக்ஸின் ஆக்குநரும் பயனாளரும் பராமரிப்பாளரும் ஒரே தாழ்வாரத்தில் இருந்தனர். செய்தியில் இல்லாதது அத்தாழ்வாரத்திற் கிடைத்தது. எனவே செய்தி குறுகியதாயிருத்தல் அங்கு குறையாகத் தோன்றவில்லை.

1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பின் மூலநிரல், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் லயன்ஸ் 1977இல் எழுதி முடித்த விளக்கவுரையின் வாயிலாகப் பரவலாக அறியப்பட்டது. அதிற் கோப்பு முறைமை பற்றிய செய்திகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. வெற்றுத் தொகுதிகளின் பட்டியலிலிருந்து பெறப்பட்ட எண், வட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டதாயின் “கெட்ட தொகுதி” என்னும் சொற்களும் சாதனத்தைக் குறிக்கும் இரு எண்களும் முனையத்தில் அச்சிடப்படும். எந்தத் தொகுதி என்பது அச்சிடப்படுவதில்லை. அவ்வெண் கேர்னலின் கையில் இருந்தது. ஆயினும் அது வாசகருக்குக் கூறப்படவில்லை.

இன்னொரு செய்தி மேலும் ஆராயத்தக்கது. சூப்பர்புளொக் என்னும் தலைமைப் பதிவில், வெற்றுத் தொகுதிகளின் பட்டியலில் எத்தனை உள்ளன என்பதற்கு ஓர் எண் உண்டு. அது 100க்கு மேற்படலாகாது. மேற்பட்டிருப்பின் “கெட்ட எண்ணிக்கை” என அறிவிக்கும் கேர்னல், அவ்வெண்ணைப் பூச்சியமாக்கிவிட்டுத் தொடர்ந்து இயங்கும். இதன் விளைவு யாது? அடுத்துக் கோப்பொன்றை எழுத முனைபவருக்கு வட்டில் இடமில்லை என்னும் விடையே கிடைக்கும். வட்டு நிறையவில்லை, பட்டியலே சிதைந்துள்ளது. முதற் செய்தி முனையத்தருகே இருந்தவருக்குச் சென்றது. இரண்டாவது செய்தி பயனாளருக்குச் சென்றது. முதலாவதைக் காணாத பயனாளர் இரண்டாவதை நம்பித் தமது கோப்புகளை அழிக்கத் தொடங்கலாம். கண்டறிந்த சிதைவை மறைக்கும் வகையில் அமைந்த செப்பனிடுதல் எவ்வாறு பொய்யான செய்தியைப் பிறப்பிக்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

இதனோடு தொடர்புடைய பிறிதொரு மரபும் யுனிக்ஸிலேயே வேரூன்றியது. கேர்னலுக்கும் பயனாளரின் செய்நிரலுக்கும் இடையே வழுவைக் கூறுதற்குரிய வழி ஓர் எண் மாத்திரமேயாகும். 5 எனின் உள்ளீட்டு வெளியீட்டு வழு; 28 எனின் இடமின்மை. எந்தக் கோப்பு, எந்தத் தொகுதி, எவ்வகை முரண்பாடு ஆகியன அவ்வெண்ணுள் அடங்கா. இன்றைய லினக்ஸிலும் இம்மரபே நிலைத்துள்ளது. சிதைவைக் குறிக்க அங்கு பல பொறியமைப்புகளில் 117 என்னும் எண் வழங்குகின்றது. அதன் வாசகமோ “அமைப்பு துப்புரவு செய்யப்படல் வேண்டும்” என்பதாகும். இவ்வாசகத்தைத் திடீரெனக் காணும் ஒருவர் எவ்வமைப்பு, யார் துப்புரவு செய்வது என வியந்து நிற்பாரேயன்றி, தம் வட்டு ஆபத்தில் உள்ளதென உணர்தல் கடினம்.

4. செப்பனிடும் செய்நிரலும் அதன் வினாக்களும்

ஆறாம், ஏழாம் பதிப்புகளின் காலத்தில் சிதைந்த கோப்பு முறைமையை ஆராய்வதற்குத் தனித்தனிச் செய்நிரல்கள் இருந்தன. ஒன்று தொகுதிகளின் உரிமையைச் சரிபார்த்தது. இன்னொன்று அடைவுகளிலுள்ள பெயர்களின் எண்ணிக்கையைக் கோப்பின் தலைப்பதிவான ஐநோட்டில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டது. மூன்றாவது, ஐநோட் எண்ணைக் கொடுத்தாற் கோப்பின் பெயரைக் கூறியது. நான்காவது ஓர் ஐநோட்டை வெறுமையாக்கியது. ஒரே தொகுதிக்கு இரு கோப்புகள் உரிமை கோருகின்றன என முதலாவது செய்நிரல் கூறினால், அக்கோப்புகள் எவை என அறிந்து எதனை நீக்குவதெனத் தீர்மானித்தற்கு வாசகர் ஏனையவற்றையும் வரிசையாக இயக்கவேண்டும். செய்தியின் பொருள் அவரது தலைக்குள்ளேயே ஒன்றுசேர்ந்தது.

1970களின் பிற்பகுதியில் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே என்னும் செய்நிரல் இந்நிலையை மாற்றியது. பின்னர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் மார்ஷல் கேர்க் மக்கியூசிக் அதனை 1983இல் வெளிவந்த 4.2 பதிப்பின் புதிய கோப்பு முறைமைக்கு ஏற்பத் திருத்தியமைத்தார். அச்செய்நிரல் ஐந்து கட்டங்களாகத் தன் பணியைச் செய்கின்றது: தொகுதிகளும் அளவுகளும், பாதைப் பெயர்கள், இணைப்பு நிலை, சுட்டுகளின் எண்ணிக்கை, வெற்றிடக் கணக்கு. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் அக்கட்டத்தின் பெயர் அச்சிடப்படும். ஆகவே எந்தச் செய்தியும் எப்பணியின் நடுவே தோன்றியதென வாசகர் அறிவார்.

கோவால்ஸ்கியும் மக்கியூசிக்கும் எழுதிய விளக்கக் கட்டுரை, வழுச் செய்தியின் வரலாற்றில் ஒரு மைல்கல் எனல் மிகையாகாது. அதன் பெரும்பகுதி செய்திகளின் பட்டியலேயாகும். ஒவ்வொரு செய்தியும் எந்நிலையிற் தோன்றும், “ஆம்” என விடையளித்தால் யாது நிகழும், “இல்லை” என விடையளித்தால் யாது நிகழும் என்பன முறையாக எடுத்துரைக்கப்படுகின்றன. மல்ரிக்ஸின் விளக்கக் குறிப்பிற் காணப்பட்ட அக்கறை இங்கு புதிய வடிவிற் திரும்பி வருகின்றது.

செய்திகளின் வாசகத்தையும் சற்று நோக்குவோம். எந்த அடைவிலும் பெயரில்லாத கோப்பொன்று காணப்படும்போது, அதன் ஐநோட் எண், உரிமையாளர், அணுகல் உரிமை, அளவு, இறுதியாக மாற்றப்பட்ட நேரம் ஆகியன ஒரே செய்தியில் அச்சிடப்பட்டு, மீள இணைப்பதா என வினவப்படும். இணைக்கப்பட்டால் அது தொலைந்து மீண்டவற்றுக்கென உள்ள அடைவில் தன் ஐநோட் எண்ணையே பெயராகக் கொண்டு வைக்கப்படும். பெயரை இழந்த கோப்புக்குப் பெயரைக் கொடுக்க எவராலும் இயலாது. ஆனால் உரிமையாளரும் நேரமும் கூறப்பட்டமையால், இது நேற்றுப் பிற்பகல் நான் எழுதியது என ஒருவர் இனங்காண இயலும். கெட்ட தொகுதிகள் ஒரு கோப்பில் அளவிறந்து காணப்படின், வழக்கமாகப் பத்துக்கு மேற்படின், அதுவும் தனியே அறிவிக்கப்பட்டுத் தொடர்வதா என வினவப்பட்டது. கோப்பு முறைமை அல்லாத ஒன்றைக் கோப்பு முறைமையென எண்ணிச் செப்பனிட முற்படுதல் முழு அழிவைத் தருமாதலின் இவ்வெச்சரிக்கை இன்றியமையாததாகும்.

இயந்திரம் தானாகத் தொடங்கும்போது இச்செய்நிரல் வினாவெழுப்பாது இயங்கும் முறையும் வகுக்கப்பட்டது. சாதாரணமான நிலைகுலைவின்போது எதிர்பார்க்கத்தக்க முரண்பாடுகளை மாத்திரமே அது தானாகத் திருத்தும். அதற்கப்பாற்பட்ட எதையும் கண்டால், எதிர்பாராத முரண்பாடு உள்ளது, செய்நிரலைக் கையால் இயக்குக எனக் கூறி நின்றுவிடும். தன்னால் தீர்மானிக்கத்தக்கதையும் மனிதரின் தீர்ப்புக்கு விடவேண்டியதையும் பிரித்துக் கூறும் இவ்வொழுக்கம் பிற்காலத்துக்குரிய முன்மாதிரியாயிற்று.

5. பெயர் கூறும் கேர்னல்

பேர்க்கிலியின் கேர்னலிலும் மாற்றம் நிகழ்ந்தது. புதிய கோப்பு முறைமையின் சூப்பர்புளொக்கில், அது இறுதியாக எவ்விடத்தில் இணைக்கப்பட்டிருந்தது என்பதும் பதியப்பட்டது. இதன் பயனாகக் கேர்னல் சாதனத்தின் இரு எண்களைக் கூறுவதை விடுத்து, மனிதர் வழங்கும் பெயராலேயே கோப்பு முறைமையைக் கூறவியன்றது. ஏற்கெனவே வெறுமையான தொகுதியை மீண்டும் விடுவிக்க முயல்வது கண்டறியப்பட்டால், இயக்கத்தை நிறுத்துமுன் சாதனம், தொகுதியெண், கோப்பு முறைமையின் பெயர் ஆகிய மூன்றும் அச்சிடப்பட்டன. ஆறாம் பதிப்பு கையில் வைத்துக்கொண்டே கூறாதுவிட்ட எண் இப்போது கூறப்பட்டது.

இடமின்மை நேர்ந்தபோது இரு செய்திகள் எழுந்தன. ஒன்று இயக்குநரின் பதிவுக்குச் சென்றது. மற்றொன்று எழுத முயன்ற பயனாளரின் முனையத்துக்கே நேரடியாகச் சென்று, எக்கோப்பு முறைமையில் எழுதுதல் தோல்வியுற்றது எனக் கூறிற்று. ஒரே நிகழ்வுக்கு இரு வாசகர் உளர், அவ்விருவரின் தேவையும் வேறு என்னும் உணர்வு இங்கு நிரலிலேயே வடிவம் பெற்றுள்ளது.

6. தனியாள் கணனி

1981இல் ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணனியோடு வெளிவந்த டொஸ், இயக்குநர் என ஒருவர் இல்லாத வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்றது. வட்டினை வாசிக்கவியலாதபோது அது “கைவிடுக, மீள முயல்க, பொருட்படுத்தாதுவிடுக” என மூன்று வழிகளை முன்வைத்தது. இவற்றுள் மூன்றாவதைத் தெரிந்தால் யாது நிகழும் என்பது செய்தியிற் கூறப்படவில்லை. உண்மையில், வாசிப்பு வெற்றிபெற்றதாகவே பாவித்துச் செய்நிரல் தொடரும். சிதைந்த தரவு நல்ல தரவென ஏற்கப்பட்டு மீண்டும் எழுதப்படும் ஆபத்து அதில் உண்டு. 1987இல் வந்த 3.3 பதிப்பிற் “தோல்வியென அறிவிக்க” என்னும் வழி சேர்க்கப்பட்டது. விளைவு கூறப்படாத தெரிவுகளை முன்வைப்பது வாசகருக்கு உரிமை வழங்குவதுபோற் தோன்றினும், உண்மையிற் பொறுப்பை அவர்மீது சுமத்துவதேயாகும்.

எனினும் டொஸைப் பற்றி நல்லதும் கூறவேண்டும். அதன் செக்டிஸ்க் என்னும் செய்நிரல், திருத்தும்படி கேட்கப்படாதபோது, வழுக்கள் காணப்பட்டன, திருத்தங்கள் வட்டில் எழுதப்படமாட்டா என வெளிப்படையாக அறிவித்தது. என்ன செய்யப்பட்டது என்பதைப் போன்றே என்ன செய்யப்படவில்லை என்பதும் வாசகருக்கு வேண்டியதாகும்.

உரிமையற்றுக் கிடந்த தொகுதிச் சங்கிலிகளை அச்செய்நிரல் எண்ணிட்ட பெயர்களையுடைய கோப்புகளாக மாற்றித் தந்தது. ஆனால் அவற்றின் பழைய பெயரோ நேரமோ கூறப்படவில்லை. இது எழுதியவரின் குறையன்று. யுனிக்ஸில் கோப்பின் நேரமும் உரிமையாளரும் ஐநோட்டிற் பதியப்பட்டமையால், பெயர் தொலைந்தபோதும் அவை எஞ்சின. டொஸின் கோப்பு முறைமையிலோ பெயரும் நேரமும் அளவும் அடைவிலேயே ஒருங்கே பதியப்பட்டன. அடைவின் பதிவு அழிந்ததும் யாவும் அழிந்தன. வட்டு எதனை நினைவில் வைத்துள்ளதோ அதற்கு மேலாகச் செய்தி எதனையும் கூறவியலாது. நல்ல வழுச் செய்தி, வழு நேர்ந்த வேளையில் எழுதப்படுவதன்று. கோப்பு முறைமையின் அமைப்பு வகுக்கப்படும் வேளையிலேயே அதற்கான அடித்தளம் இடப்படுகின்றது.

7. மௌனமும் நினைவும்

1993இல் தோன்றிய லினக்ஸின் எக்ஸ்ற் 2 கோப்பு முறைமையும் அதன் வழித்தோன்றல்களும், சிதைவு காணப்படும்போது யாது செய்வது என்பதைப் பராமரிப்பாளரே தீர்மானிக்க இடமளித்தன. தொடர்ந்து இயங்கலாம், வாசிக்க மட்டும் இடமளித்து எழுதுவதைத் தடுக்கலாம், முறைமையையே நிறுத்தலாம். எக்ஸ்ற் 4இன் செய்தியிற் சாதனத்தின் பெயர், வழுவைக் கண்ட செயற்கூறு, நிரலின் வரியெண், ஐநோட் எண், அவ்வேளை இயங்கிய செய்நிரலின் பெயர் ஆகியன இடம்பெறுகின்றன. இவற்றுட் செயற்கூறும் வரியெண்ணும் செய்நிரலாளருக்கு உரியன. சாதனமும் செய்நிரலும் பராமரிப்பாளருக்கு உரியன. கோப்பை இழந்தவருக்கு நேரடியாக உரியது அதில் அரிதாகவே உண்டு.

செய்தியின் சொல் நன்றாயிருப்பினும் அது வாசகரை அடையாதிருக்கலாம் என்பதைச் சில ஆய்வுகள் வெளிப்படுத்தின. 2005இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் மடிசன் வளாகத்து ஆய்வாளர்கள், பரவலாக வழங்கிய கோப்பு முறைமைகள் வட்டுப் பழுதுகளை எவ்வாறு எதிர்கொள்கின்றன எனச் செயற்கையாகப் பழுதுகளைப் புகுத்தி ஆராய்ந்தனர். ஒரே கோப்பு முறைமையிலேயே ஓரிடத்தில் அறிவிக்கப்படும் பழுது மற்றோரிடத்தில் மௌனமாக விடப்படுவதை அவர்கள் கண்டனர். அதே வளாகத்தவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, லினக்ஸின் கோப்பு முறைமைகளில் வழு எண்ணைத் திருப்பியளிக்கும் செயற்கூறுகளை அழைக்குமிடங்களுள் ஏறத்தாழ 13 வீதமானவை அவ்வெண்ணைக் கையாளாது விடுகின்றன எனக் காட்டிற்று. சிதைவு அறியப்பட்டும் சொல்லப்படாது போவது, அறியப்படாது போவதினும் கொடியது. சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் ஏடு சிதைந்த இடத்தைச் சிதைந்ததெனக் குறித்துச் சென்றால், பின்வருவோர் பிற சுவடிகளைத் தேடுவர். குறியாது தொடுத்தெழுதினால், இழப்பு நிகழ்ந்தமையே எவருக்கும் தெரியாது போய்விடும்.

2010இல் எக்ஸ்ற் 4இற் சேர்க்கப்பட்ட ஓர் ஏற்பாடு இதற்கு ஒருவகை விடையாகும். முதன்முதலில் காணப்பட்ட வழுவும் இறுதியாகக் காணப்பட்ட வழுவும், அவற்றின் நேரம், செயற்கூறு, வரி, ஐநோட், தொகுதி ஆகியவற்றோடு சூப்பர்புளொக்கிலேயே பதியப்படலாயின. செப்பனிடப்படும்வரை, நாளுக்கு ஒரு முறை கேர்னல் அவற்றை நினைவூட்டும். முனையத்தில் ஒருகணம் தோன்றி மறைந்த செய்தி இப்போது வட்டின்மீது நிலைத்த பதிவாயிற்று. முதல் வழுவைப் பேணியமை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பின்னர் தோன்றுவனவற்றுட் பல அதன் விளைவுகளே. ஆயினும், அந்நினைவூட்டலில் நேரம் 1970ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கழிந்த செக்கன்களின் எண்ணிக்கையாக அச்சிடப்பட்டமை, வாசகர் செய்நிரலாளரே என்னும் பழைய எண்ணம் முற்றாக மறையவில்லை என்பதைக் காட்டுகின்றது.

8. இழந்ததைப் பெயரிட்டுக் கூறல்

இரு அண்மைக்கால முயற்சிகளைக் கூறி எமது நோக்கை நிறைவுசெய்யலாம். முதலாவது எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ஐந்தாம் வடிவமாகும். 2013இல் லினக்ஸில் அறிமுகமான அவ்வடிவத்தில், நிர்வாகப் பதிவுகளைத் தாங்கும் ஒவ்வொரு தொகுதியும் தான் எவ்வகைத் தொகுதி, எந்தக் கோப்பு முறைமையைச் சேர்ந்தது, யாருக்கு உரியது, எவ்விடத்தில் இருக்கவேண்டியது என்பவற்றைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதோடு, உள்ளடக்கம் மாறியதா எனக் காட்டும் சரிபார்ப்பெண்ணையும் கொண்டுள்ளது. ஆதலின் இது சிதைந்துள்ளது எனக் கூறுவதோடு நில்லாது, எழுதப்பட்டபின் மாறியதா, இடம் மாறி எழுதப்பட்டதா எனவும் பகுத்தறிய இயல்கின்றது. சிதைவு காணப்பட்டதும் கேர்னல் அத்தொகுதியின் தொடக்கப் பகுதியைப் பதினாறடி எண்களாக அச்சிட்டுச் சான்றைப் பேணுகின்றது. கோப்பு முறைமையை விலக்கிவிட்டு எந்தச் செய்நிரலை இயக்கவேண்டும் என்பதையும் கூறுகின்றது.

இரண்டாவது, சன் மைக்றோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் ஆகும். அதன் நிலையறிக்கை தலைப்பிட்ட பகுதிகளாக அமைந்தது. நிலை என்னும் பகுதி என்ன நேர்ந்தது என்பதையும், செயல் என்னும் பகுதி செய்யவேண்டியதையும், காண்க என்னும் பகுதி விரிவான விளக்கத்துக்குரிய குறியீட்டையும் தருகின்றன. வழுக்கள் என்னும் இறுதிப் பகுதி, மீட்கவியலாது சிதைந்த கோப்புகளை அவற்றின் பாதைப் பெயராலேயே பட்டியலிடுகின்றது. இயலுமாயின் அக்கோப்புகளைப் பிரதியிலிருந்து மீட்குமாறும், இயலாவிடின் முழுத் தொகுப்பையும் மீட்குமாறும் அறிவுறுத்துகின்றது. மல்ரிக்ஸின் செய்நிரலாளர் மூலநிரலில் எழுதிய கடுமை, பொருள், செயல் என்னும் பகுப்பு இங்கு வாசகரின் திரைக்கே வந்து சேர்ந்துள்ளது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வழுச் செய்தியின் வரலாறு நேர்கோட்டில் அமைந்த வளர்ச்சியன்று என்பது புலனாகும். மல்ரிக்ஸ் அறிந்திருந்ததை யுனிக்ஸ் விட்டுவிட்டது. விட்டதன் தேவை, யுனிக்ஸ் தன் தாழ்வாரத்தை விட்டு வெளியேறியபோது உணரப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் செய்தியின் வடிவைத் தீர்மானித்தது தொழினுட்பம் மாத்திரமன்று. வாசகர் யார் என எழுதியவர் கொண்ட எண்ணமும் அதனைத் தீர்மானித்தது. ஆக்குநரும் வாசகரும் ஒருவரேயாயிருந்தபோது இரு சொற்கள் போதியனவாயிருந்தன. இருவரும் அந்நியராகியபோது, தாழ்வாரத்திற் பேசப்பட்டதையும் செய்தியே சுமக்க வேண்டியதாயிற்று.

பயனுள்ள செய்தி யாது என்பதற்கும் இவ்வரலாறு விடை தருகின்றது. எது சிதைந்தது என்பதை வாசகர் அறிந்த பெயரால் அது கூறவேண்டும். எதிர்பார்த்தது யாது, கண்டது யாது என்பதைச் சான்றோடு கூறவேண்டும். முறைமை ஏலவே என்ன செய்தது, என்ன செய்யாது விட்டது என்பதை மறையாது கூறவேண்டும். முன்வைக்கும் ஒவ்வொரு வழியின் விளைவையும், மீளமுடியாதது எதுவென்பதையும் கூறவேண்டும். யாவற்றுக்கும் மேலாக, அது அறியவேண்டியவரைச் சென்றடையவேண்டும்.

இவற்றுள் எதுவும் இன்று இயலாததன்று. ஆயினும், இன்றும் பெரும்பாலான பயனாளருக்குக் கிடைப்பது கேர்னல் அறிந்தவற்றுள் எஞ்சிய ஓர் எண்ணும், அதற்குரிய சுருங்கிய வாசகமுமேயாகும். ஓர் ஆய்வேட்டையோ, மறைந்த ஒருவரின் புகைப்படத்தையோ, சங்கமொன்றின் கணக்கையோ தாங்கிய வட்டு பழுதுறும்போது, அதன்முன் அமர்ந்திருப்பவர் எடுக்கும் முதல் முடிவே பெரும்பாலும் இறுதி முடிவாகிவிடுகின்றது. அம்முடிவுக்குத் துணையாக அவர்முன் இருப்பவை முகமறியாத செய்நிரலாளர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய சில சொற்களே. அச்சொற்களை எழுதுவதும் கோப்பு முறைமையை ஆக்கும் பணியின் ஒரு பகுதியே என்பது இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபாகும்.